வீட்டிற்குள் வந்த காத்திருப்பு: திருவருகைக் காலத்தின் இல்ல வரலாறு

கி.பி. 380ஆம் ஆண்டளவில், இன்றைய ஸ்பெயின் நாட்டிலுள்ள சரகோசா நகரில் ஆயர்கள் சிலர் கூடி எட்டு விதிகளை இயற்றினர். அவற்றுள் ஒன்று, டிசம்பர் 17 முதல் சனவரி 6இல் வரும் திருக்காட்சிப் பெருவிழா வரையிலான இருபத்தொரு நாட்களைப் பற்றியது. அந்நாட்களில் எவரும் ஆலயத்திற்கு வாராதிருத்தல் கூடாது. வீட்டினுள் மறைந்திருத்தலும், பண்ணைகளுக்கோ மலைகளுக்கோ ஒதுங்கிச் செல்லுதலும், வெறுங்காலுடன் திரிதலும் ஆகா. அனைவரும் ஆலயத்தில் வந்து கூட வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். பிரிசிலியன் என்பவரின் கடுந்துறவு இயக்கத்தைச் சார்ந்தோர் தனியிடங்களில் கூடி வழிபட்டதைத் தடுப்பதே ஆயர்களின் உடனடி நோக்கம். இன்றைய பொருளில் அதனைத் திருவருகைக் காலம் என்று கூற இயலாது. எனினும், கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நாட்களைப் பற்றித் திருச்சபை வகுத்த மிகப் பழைய விதிகளுள் ஒன்று, ‘வீட்டில் இராதீர்’ என்று கட்டளையிடுவதாக அமைந்திருப்பது கருதத்தக்கது.

இன்று அதே நாட்கள் வீட்டிற்குரியவையாகக் கருதப்படுகின்றன. மேசைமீது பசுந்தழை வளையம், அதில் நான்கு மெழுகுவர்த்திகள், குழந்தைகள் நாள்தோறும் ஒரு சாளரம் திறக்கும் நாட்காட்டி, வாசலில் காகித விண்மீன் என்று குடும்பம் கூடிக் கொண்டாடும் காலமாகவே திருவருகைக் காலம் அறியப்படுகிறது. வீட்டை விலக்கிய விதிக்கும் வீட்டையே மையமாகக் கொண்ட வழக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. அவ்விடைவெளியில் இக்காத்திருப்பு எவ்வழியாக வீட்டிற்குள் வந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதலில் சொல்லைக் காண்போம். ‘அத்வெந்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு வருகை என்பது பொருள். உரோமப் பேரரசில் அது அரசியல் சடங்கொன்றின் பெயராகவும் வழங்கியது. பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருளும்போது குடிமக்கள் நகர்வாயில் கடந்து வெளியே சென்று அவரை எதிர்கொண்டு அழைத்து வருவர். அந்நிகழ்வின் நினைவாக அச்சொல் பொறித்த நாணயங்களும் வெளியிடப்பட்டன. கிறிஸ்தவர்கள் இச்சொல்லை மேற்கொண்டபோது, வருபவரைக் காண வீட்டைவிட்டுப் புறப்படுதல் என்னும் இயக்கமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. தமிழில் வழங்கும் ‘திருவருகை’ அதன் நேர்மொழிபெயர்ப்பு. இலத்தீன் சொல்லுக்குப் பின்னிருந்த நகர்வாயில் காட்சி தமிழ்ச் சொல்லில் இல்லை. தமிழ்ச் செவிக்கு வருகை என்றால் விருந்தினர் தம் இல்லம் நோக்கி வருவதே முதலில் தோன்றும்.

வீட்டிற்குள் இக்காலம் நுழைந்த முதல் வழி அடுக்களை. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சின் தூர் நகர ஆயராக விளங்கிய பெர்பெத்துவுஸ், நவம்பர் 11இல் வரும் புனித மார்த்தின் திருநாள் தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாட்கள் நோன்பிருக்குமாறு பணித்தார். அதே நகரின் பிற்கால ஆயரும் வரலாற்றாசிரியருமான கிரகோரியார் இதனைப் பதிவு செய்துள்ளார். ஆறாம் நூற்றாண்டில் மக்கோன் நகரில் கூடிய மன்றம் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களை இந்நோன்பிற்கென்று குறித்தது. ‘புனித மார்த்தினின் தவக்காலம்’ என்று இது பெயர்பெற்றது. உரோமை வழிபாட்டு முறையில் இக்காலம் பின்னர் நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கி நிலைபெற்றது. மிலான் நகரின் அம்புரோசிய முறையில் ஆறு ஞாயிறுகள் இன்றளவும் உள்ளன. மேற்கில் நோன்பின் கடுமை நூற்றாண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தது. நோன்பு தளர்ந்ததும் அடுக்களைக்கும் இக்காலத்திற்கும் இருந்த தொடர்பு மெலிந்து, குருக்களின் நூலிலும் பாடகர் குழுவின் இசையிலுமே அது பெரிதும் தங்கிற்று.

கீழைத் திருச்சபைகளில் இத்தளர்ச்சி அதே அளவில் நேரவில்லை. அதற்குரிய சான்று இந்தியாவிலேயே உள்ளது. கேரளத்தின் சுரியானி மரபுக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் நாள் தொடங்கிக் கடைப்பிடிக்கும் ‘இருபத்தைந்து நோம்பு’ ஆலயத்தைக் காட்டிலும் வீட்டிலேயே நாள்தோறும் உணரப்படுவது. இறைச்சி விலக்கப்படும், கடுமையாகக் கடைப்பிடிக்கும் இல்லங்களில் மீன், முட்டை, பால் ஆகியனவும் விலக்கப்படும். குழந்தைக்கு இக்காலத்தை அறிவிப்பது மெழுகுவர்த்தியன்று, உணவுத் தட்டு. மாலையில் குடும்பத்தார் விளக்கின் முன் ஒன்றுகூடிச் சந்தியா பிரார்த்தனை முடித்தபின், இளையோர் மூத்தோரிடம் சென்று இறைபுகழ் கூறி வணங்கும் ‘ஸ்துதி சொல்லல்’ என்னும் வழக்கமும் அவ்வில்லங்களுக்கு உரியது. கிறிஸ்து பிறப்பு வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும் அப்பமும் இறைச்சிக் கறியும் பரிமாறப்பட, நோன்பு முடிவுறும்.

இம்மரபின் சொற்களும் ஊன்றி நோக்கத்தக்கவை. கீழைச் சுரியானி முறையில் இக்காலத்தின் பெயர் ‘சுபாரா’. அறிவிப்பு அல்லது நற்செய்தி என்பது அதன் பொருள். மலையாளத்தில் அது ‘மங்களவார்த்தக்காலம்’ எனப்படுகிறது. தமிழ்க் கத்தோலிக்கர் மரியாளை நோக்கிய மன்றாட்டை ‘மங்கள வார்த்தை செபம்’ என்று வழங்கியதை இதனோடு ஒப்பிடலாம். மேற்குலகம் இக்காலத்தை வருகை என்று அழைக்க, கீழைச் சுரியானியர் அறிவிப்பு என்று அழைத்தனர். அவர்தம் முறைப்படி இக்காலத்தின் நான்கு ஞாயிறுகளில் முறையே செக்கரியாவுக்கு வந்த அறிவிப்பு, மரியாளுக்கு வந்த அறிவிப்பு, யோவானின் பிறப்பு, யோசேப்புக்கு வந்த அறிவிப்பு ஆகியன நினைவுகூரப்படுகின்றன. பிள்ளைப்பேறின்றி முதுமை எய்திய தம்பதியர், மணம் ஒப்பந்தமாகியும் கலங்கி நின்ற இருவர் என இரண்டு குடும்பங்களின் வரலாறே அந்நான்கு வாரங்களின் உள்ளடக்கம். நகர்வாயிலில் பேரரசரை எதிர்கொள்ளும் காட்சிக்கு இங்கு இடமில்லை.

நோன்பை முடித்தலை மலையாளத்தில் ‘நோம்பு வீடல்’ என்பர். கடன் தீர்தலுக்கும் அம்மொழியில் இவ்வினையே வழங்கும். தமிழில் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘வீடு’ என்னும் பெயர் விடுபடுதலையும் இல்லத்தையும் ஒருங்கே குறிப்பதை மொழியியல் மாணவர் அறிவர். நோன்பு வீடும் இடம் வீடாகவே அமைந்திருப்பது தற்செயலான ஒற்றுமைதான். எனினும் பொருத்தமான ஒற்றுமை.

ஐரோப்பாவில் சமய வாழ்வு மீண்டும் வீட்டை நோக்கித் திரும்பியதற்கு ஒரு முதன்மையான காரணம் சீர்திருத்த இயக்கம். 1529இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய முறையில் எழுதப்பட்டது. சமயக் கல்வியின் பொறுப்பில் ஒரு பகுதி இவ்வாறு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு இந்நூலைத் தமிழாக்கியதன் வழியே இக்கருத்து தமிழ்நிலத்திற்கும் வந்தது. ஆயினும், வீட்டில் திருவருகைக் காலத்தைக் கொண்டாடுவதற்குரிய பொருட்கள் அப்போது தோன்றியிருக்கவில்லை. அவை தோன்றிய இடங்கள் பலரும் எதிர்பாராதவை.

தொன்மையான மரபென்று பரவலாகக் கருதப்படும் திருவருகைக் கால வளையத்தின் தொடக்கம் 1839ஆம் ஆண்டு. இடம் செருமனியின் ஹாம்பர்க் நகரை அடுத்த ஹோர்ன். அங்கு ‘ரவுஹெஸ் ஹவுஸ்’ என்னும் நிறுவனத்தை நடத்திய யோகான் ஹின்ரிக் விஹெர்ன் என்னும் லூத்தரன் இறையியலாளரே அதனை அமைத்தவர். 1808இல் பிறந்த விஹெர்ன் பதினைந்து வயதில் தந்தையை இழந்து, குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றவர். ஹாம்பர்க்கின் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் ஞாயிறு பள்ளிப் பணியாற்றியபோது, பெற்றோர் இருந்தும் இல்லாதாராய், பசியோடும் திருட்டோடும் வளர்ந்த சிறுவர்களைக் கண்டார். கார்ல் சீவெகிங் என்னும் நகர அதிகாரி அளித்த பழைய வீடொன்றில், 1833இல், அத்தகைய சிறுவர்களை ஏற்று வளர்க்கத் தொடங்கினார்.

அக்காலத்துச் சீர்திருத்த விடுதிகளில் குழந்தைகள் பெருங்கூடங்களில் கூட்டமாக அடைக்கப்படுவதே வழக்கம். விஹெர்ன் அதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு சிறுவர் கொண்ட குழுக்களாக அவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ‘குடும்பம்’ என்றே அழைத்தார். ஒவ்வொரு குடும்பத்துடனும் ‘சகோதரர்’ எனப்பட்ட பொறுப்பாளர் ஒருவர் உடன் வாழ்ந்தார். குருதித் தொடர்பில்லாதோரைக் கொண்டு குடும்பம் என்னும் அமைப்பைக் கட்டியெழுப்ப முடியும் என்பதே அவர் முன்வைத்த கருதுகோள்.

அச்சிறுவர்கள், கிறிஸ்து பிறப்பு இன்றா, நாளையா என்று ஓயாமல் வினவியதாகக் கூறப்படுகிறது. அதற்கு விடையாக விஹெர்ன் மரச் சக்கரம் ஒன்றை வழிபாட்டுக் கூடத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். ஞாயிறுகளுக்குப் பெரிய வெண்ணிற மெழுகுவர்த்திகள். 1839இல் திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் நாளிலேயே அமைந்தது. ஆகவே டிசம்பர் 24 வரை நான்கு ஞாயிறுகளும் இருபது வார நாட்களும் இருந்தன. நாள்தோறும் ஒன்று கூடுதலாக ஏற்றப்பட்டு, இறுதி நாளில் இருபத்து நான்கும் எரிந்தன. மறைநூல் வாசிப்பும் பாடலும் உடன் நிகழ்ந்தன. எண்ணவும் நாட்கணக்கை அறியவும் அச்சிறுவர்களுக்கு அது ஒரு பாடமாகவும் அமைந்தது.

பிந்தைய ஆண்டுகளில் சக்கரத்தைச் சுற்றி ஊசியிலை மரக் கிளைகள் கட்டப்பட்டன. மெழுகுவர்த்திகள் நான்காகக் குறைந்து, வளையம் சாதாரண வீட்டு மேசைக்கு ஏற்ற அளவிற்குச் சிறுத்தது. புரோட்டஸ்டண்டு இல்லங்களில் பரவிய இவ்வழக்கத்தை 1920களில் செருமானியக் கத்தோலிக்க ஆலயங்களும் ஏற்றன. குடும்ப மரபின் சின்னமாக இன்று போற்றப்படும் இவ்வளையம், குடும்பத்தை இழந்த சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது அதன் வரலாற்றில் பெரும்பாலும் மறக்கப்பட்ட பகுதி.

இது தனித்த நிகழ்வன்று. செருமனியின் சாக்சனிப் பகுதியில் 1722இல் தோன்றிய ஹெர்ன்ஹூட் ஊரை மையமாகக் கொண்ட மொராவியச் சபையார், தம் எண்ணிக்கைக்கு மீறிய அளவில் மறைப்பணியாளர்களைத் தொலைநாடுகளுக்கு அனுப்பியவர்கள். இந்தியாவில் அவர்கள் 1760 முதல் சில பத்தாண்டுகள் தரங்கம்பாடியில் பணியாற்றினர். 1856 முதல் இமயத்தின் லாகுல் பகுதியில் கேலாங்கிலும், 1885 முதல் லடாக்கின் லே நகரிலும் தங்கிப் பணியாற்றினர். திபெத்திய மொழிக்கு 1881இல் அகராதி வெளியிட்ட ஹைன்ரிக் ஆகஸ்ட் யேஷ்கே கேலாங்கில் வாழ்ந்தவர் என்பதை மொழியியலாளர் அறிவர். இத்தகைய பணியாளர்களின் பிள்ளைகள் பள்ளிப் பருவம் எய்தியதும் ஐரோப்பாவிலுள்ள சபை விடுதிகளுக்கு அனுப்பப்படுவது அச்சபையின் வழக்கம். பெற்றோரை மீண்டும் காணப் பல ஆண்டுகள் ஆகலாம். சிலர் காணாமலும் போயிருக்கலாம்.

இன்று ‘ஹெர்ன்ஹூட் விண்மீன்’ என உலகறிந்த, பல முனைகள் கொண்ட காகித விளக்கு அவ்விடுதிகளில் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீஸ்கி என்னும் ஊரின் விடுதிப் பள்ளியில், வடிவியல் பாடத்தை விளக்கும் கைவேலையாக அது தோன்றியதாகக் குறிப்பிடப்படுகிறது. நாளடைவில், திருவருகையின் முதல் ஞாயிறன்று மாணவர்கள் தம் அறைகளுக்குத் தாமே விண்மீன் செய்து தொங்கவிடுவது விடுதி வழக்கமாயிற்று. விடுமுறைக்கு ஊர் திரும்பிய பிள்ளைகள் அதனை உறவினர் இல்லங்களுக்கு எடுத்துச் சென்றனர். அந்நூற்றாண்டின் இறுதியில் அது விற்பனைப் பொருளாகவும் வளர்ந்தது. பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் செய்த விளக்கே, பிள்ளைகளோடு கூடி வாழும் இல்லங்களின் அணியாயிற்று.

மூன்றாவது பொருளாகிய நாட்காட்டி உண்மையிலேயே வீட்டில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செருமானிய லூத்தரன் குடும்பங்களில், கதவில் இருபத்து நான்கு சுண்ணக்கோடுகள் வரைந்து, நாளுக்கொன்றாக அழிக்கும் வழக்கம் இருந்தது. நாளுக்கொரு படம் சுவரில் மாட்டுவதும், குழந்தை இயேசுவின் தொட்டிலில் நாளுக்கொரு வைக்கோல் துரும்பு இடுவதும் பிற வடிவங்கள். மவுல்புரோன் ஊரின் போதகர் குடும்பத்தில் பிறந்த கெர்ஹார்ட் லாங்கின் தாய், அட்டை ஒன்றில் இருபத்து நான்கு சிறு தின்பண்டங்களைத் தைத்துக் கொடுத்து, நாளுக்கொன்று உண்ணச் செய்தார் என்பர். அந்நினைவைக் கொண்டே லாங், இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மியூனிக் நகரில் அச்சிட்ட நாட்காட்டிகளை வெளியிடத் தொடங்கினார். சிறு சாளரங்களைத் திறக்கும் வடிவம் 1920களில் பரவியது. நாசி ஆட்சியில் சமயச் சின்னங்களை நீக்கிய மாற்று நாட்காட்டிகள் கட்சியின் சார்பிலேயே அச்சிடப்பட்டன. போருக்குப் பின், 1946இல், ஸ்டுட்கார்ட் நகரில் ரிச்சர்ட் செல்மர் வெளியிட்ட நாட்காட்டியே அவ்வழக்கத்திற்கு மறுவாழ்வளித்தது.

அச்சு வடிவம் ஒரு மாற்றத்தை ஓசையின்றி நிகழ்த்தியது. திருவழிபாட்டு முறைப்படி திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும். எனவே டிசம்பர் 24 வரை இக்காலத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாட்கள் வரை வேறுபடும். விஹெர்னின் சக்கரம் இவ்வேறுபாட்டிற்கு இடமளித்தது. சிறு மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கையை அவ்வாண்டிற்கேற்ப மாற்றினாற் போதும். எல்லா ஆண்டும் விற்க வேண்டிய அச்சுப் பொருளுக்கு அது இயலாது. எனவே டிசம்பர் 1 முதல் 24 வரை என்னும் நிலையான கணக்கு வேரூன்றியது. திருச்சபையின் காலம் குடிமைக் காலமாக மாறிய இடம் இது. சாளரங்களுக்குப் பின்னே மறைநூல் காட்சிகள் இருந்த நிலை மாறி இனிப்பும், பின்னர் நறுமணப் பொருளும் விளையாட்டுப் பொருளும் அமர்வதற்கு இம்மாற்றம் வழியமைத்தது எனலாம். காத்திருத்தலைக் கற்பிக்கச் செய்த கருவி நாள்தோறும் ஒரு நுகர்வை வழங்கும் கருவியாயிற்று.

இந்திய இல்லங்களில் இன்று இவ்வழக்கங்கள் பல அடுக்குகளாகக் காணப்படுகின்றன. மேற்கத்திய முறையைப் பின்பற்றும் ஆலயங்களிலும் வீடுகளிலும் வளையம் இடம்பெற்றுவிட்டது. கத்தோலிக்கரிடையே மூன்று ஊதா மெழுகுவர்த்திகளும், மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் மூன்றாம் ஞாயிறுக்கு ஓர் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியும் ஏற்றப்படுகின்றன. கோவாவிலும் மங்களூரிலும் இக்காலத்தின் கடிகாரம் பலகாரப் பணியே. ‘குஸ்வார்’ எனப்படும் பண்டங்களுக்காகத் தேங்காய் துருவுதல், மாவு பிசைதல், நெவ்ரி மடித்தல், பல மணி நேரம் தோதல் கிண்டுதல் ஆகியவற்றில் வீட்டாரும் அண்டை வீட்டாரும் கூடுகின்றனர். பின்னர் அப்பண்டங்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டு, சமய வேறுபாடின்றி அண்டை அயலாருக்கு அனுப்பப்படுகின்றன. கேரளத்தின் நோன்பாயினும் கொங்கணத்தின் பலகாரமாயினும், அவற்றின் உழைப்புச் சுமை பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே இருந்துவந்துள்ளது. வரலாற்று நூல்கள் விஹெர்னின் பெயரையும் லாங்கின் பெயரையும் குறிக்கின்றன. லாங்குக்கு முதல் நாட்காட்டியைத் தைத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் ‘அவருடைய தாய்’ என்றே சுட்டப்படுகிறார். வீட்டுச் சமயத்தின் வரலாற்றை எழுத முயல்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே: சடங்கை நாள்தோறும் காத்தவர்கள் ஆவணங்களில் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு கருத்து தெளிவாகிறது. முழுமையான குடும்பம் ஒன்று முன்னரே இருந்து, அதன் மகிழ்ச்சி சடங்காக வெளிப்பட்டது என்பது பொதுவான எண்ணம். வளையமும் விண்மீனும் அதற்கு மாறான சான்றுகள். சிதைந்த குடும்பங்களின் பிள்ளைகளிடையிலும் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளிடையிலும் அவை தோன்றின. ஒரே விளக்கைச் சுற்றி நாள்தோறும் கூடியதால் அவர்கள் ஒருவருக்கொருவர் வீட்டாராயினர். வேலையின் பொருட்டு வளைகுடா நாடுகளிலும் பெருநகரங்களிலும் வாழும் உறுப்பினர்களைக் கொண்ட இந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது அயலான செய்தியன்று. ‘குடும்பமாகக் கொண்டாடுதல்’ என்னும் தொடர், தனித்து வாழும் முதியோரையும், கைம்பெண்களையும், விடுதி மாணவரையும் வெளியே நிறுத்திவிடுவதுண்டு. அவ்வாறு நிறுத்துவது இவ்வழக்கங்களின் தொடக்கத்தையே மறுப்பதாகும்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது உலகின் பல பகுதிகளில் ஆலய வழிபாடு கட்டுப்படுத்தப்பட்டு, மக்கள் வீட்டிலேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். சரகோசா விதி முற்றிலும் தலைகீழாயிற்று. அவ்வாண்டின் திருவருகைக் காலத்தில் பல இல்லங்களில் தந்தையோ தாயோ மறைநூலை வாசிக்க, குழந்தை மெழுகுவர்த்தியை ஏற்ற, தொலைவிலிருந்த உறவினர் கைப்பேசித் திரையில் உடனிருந்தனர். வழிபாட்டை வீட்டில் நடத்த அவர்கள் புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1839இன் டிசம்பர் முதல் நாளன்று, ஹோர்ன் ஊரின் வழிபாட்டுக் கூடத்தில், வீடற்ற சிறுவர்கள் அண்ணாந்து நோக்கி நிற்க ஏற்றப்பட்ட முதல் வெண்ணிற மெழுகுவர்த்தி அவர்களுக்கு முன்னரே வழிகாட்டியிருந்தது.